வண்டிக்குள் ஒரு வடிகட்டிப் பிரதிஷ்டை

தெற்கு நோக்கி வந்துகொண்டிருக்கும் காவிரி, என்ன நினைத்தாளோ, கிழக்கு முகமாகத் திரும்புகின்ற கொடுமுடியில், மகுடேசுவரர் ஆலயத்துக்குள் வயோதிகமான வன்னிமரம் ஒன்று நிற்கிறது. பங்குனி உத்திரத்தை முன்னிட்டுத் தீர்த்தக் காவடி எடுத்துப் பழனிமலை நோக்கிக் கால்நடையாகக் கிளம்பும் கூட்டத்தார், ஆற்றில் முகந்த ஜலத்தில் அந்த மரத்தின் இலையை இட்டுக்கொண்டு போவதும், இலை கிடக்கும் வரையில் ஜலம் கெடாது என்று நம்புவதும் பரம்பரையாக நடந்துவரும் காரியங்கள். பங்குனி வெயில் எப்படிப்பட்டது என்பதைக் கொங்கு நாட்டில் ஒரு நாழிகை வெளியே நின்று பார்த்தவர்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. அந்த வெயிலில் நாட்கணக்காக நடக்கும் ஜலத்துக்கு ஓர் இலையே போதுமான காவல் என்று முடிவு கட்டிவிட்ட ஊரில், நான்கு உருளைகளும் இரண்டு மோட்டார்களும் நீல நிறத்தில் எரியும் விளக்கொன்றும் கொண்ட சுத்திகரிப்பு யந்திரத்தை, அதுவும் ஓடுகின்ற ஒரு வண்டிக்குள், ஸ்தாபித்தே தீருவது என்ற வைராக்கியம் என் தாய்மாமனுக்கு உண்டாயிற்று.

மாமா அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு என்பது அவருடைய சம்பளத்தைப் பொறுத்த வரையில் உண்மையே தவிர, சுபாவத்தைப் பொறுத்த வரையில் அல்ல. 2021-இல் கேரள அரசாங்கம் ‘கேரவன் கேரளா’ என்ற பெயரில் ஒரு சுற்றுலாத் திட்டத்தை அறிவித்து, படுக்கையும் சமையலறையும் கழிப்பறையும் உள்ள வண்டிகளிலேயே பிரயாணிகள் தங்கலாம் என்று சொன்ன செய்தியைப் பத்திரிகையில் படித்த நாள்முதல், விடுதிகளில் தங்குவதை அவர் ஒரு மானக்குறைவாகவே கருதத் தொடங்கினார். பேருந்துக்குப் பாடி கட்டுவதில் தென்னாடெங்கும் பெயர் வாங்கிய கரூர் பக்கத்தில்தானே இருக்கிறது? பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி அங்கே ஓட்டிக்கொண்டு போய், ஆசனங்களைப் பெயர்த்தெடுத்து, கட்டிலும் அடுப்பும் கழுவு தொட்டியும் வைத்து, 120 லிட்டர் கொள்ளும் தண்ணீர்த் தொட்டி ஒன்றையும் அடியில் பொருத்தித் திரும்பிவந்தார். வண்டி ஊருக்குள் நுழைந்த அன்று சிறுவர்கள் பின்னாலேயே ஓடிவந்து, உள்ளே இருப்பது எந்த நடிகர் என்று கேட்டார்கள். கதவு திறந்து அத்தை முறத்துடன் இறங்கியதும், கூட்டம் தானாகக் கலைந்துவிட்டது.

கட்டிலும் அடுப்பும் அமைந்த பின்னர் மாமாவின் சிந்தனை முழுவதும் தண்ணீரிலேயே போய் நின்றது. அவருடைய சந்தேகத்தை அடியோடு ஆதாரமற்றது என்று நான் சொல்லமாட்டேன். கொடுமுடிக்கு மேலே பவானியும் ஈரோடும் இருக்கின்றன. சாயப்பட்டறைகளும் தோல் தொழிற்சாலைகளும் காளிங்கராயன் வாய்க்காலுக்கும் காவிரிக்கும் செய்த உபகாரங்கள் ஊரறிந்தவை. கீழே வந்து கலக்கும் நொய்யலின் கதையோ புராணத்திலும் காணாத விசித்திரம். பாசனத்துக்கென்று 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவே தேங்கி நிற்க, அணை கட்டியது யாருக்காகவோ அந்த விவசாயிகளே, ‘இந்தத் தண்ணீர் எங்களுக்கு வேண்டாம்’ என்று நியாயஸ்தலத்துக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவிடும் அளவுக்கு விவகாரம் முற்றியது. இத்தகைய பிரதேசத்தில் ஒரு மனிதர் தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுக் குடித்தால் அவரைப் பரிகசிப்பது தர்மமாகாது.

ஆனால் மாமா தம்ளரைத் தூக்கிப் பார்ப்பதோடு நின்றாரில்லை. டி.டி.எஸ். மீட்டர் என்னும் பேனா அளவுக் கருவி ஒன்று அவருடைய சட்டைப்பையில் இடம் பிடித்தது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவை, மின்சாரம் அதில் எவ்வளவு சுலபமாகப் பாய்கிறது என்பதைக் கொண்டு மதிப்பிட்டுச் சொல்லும் கருவி அது. கிருமி இருக்கிறதா, விஷம் இருக்கிறதா என்பவற்றைப் பற்றி அதற்கு யாதொரு அபிப்பிராயமும் கிடையாது. குடிநீரில் இந்த அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது விரும்பத்தக்கது, வேறு வழி இல்லாவிட்டால் 2000 வரையில் பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். மாமா குழாய்த் தண்ணீரை அளந்தார், கிணற்றை அளந்தார், அரிசி களைந்த நீரையும் அளந்தார். ஒருநாள் தோட்டத்தில் அப்போதுதான் இறக்கிச் சீவிய இளநீரில் அக்கருவியை விட, எண் நான்கு இலக்கத்தில் எகிறி நின்றது. பொட்டாசியம் முதலிய உப்புகள் இயற்கையாகவே மிகுந்த இளநீர் அப்படித்தான் காட்டும். எனினும் அன்று அந்தக் கருவியின் தீர்ப்புப்படி, கொங்கு நாட்டுத் தென்னந்தோப்புகள் யாவும் மனித உபயோகத்துக்கு அருகதையற்ற திரவத்தை உற்பத்தி செய்துகொண்டிருந்தன.

அத்தை இதையெல்லாம் சகித்துக்கொண்டுதான் இருந்தாள். கலங்கல் நீர் வரும் காலத்தில் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் இழைத்து, தண்ணீரை ஊற்றி வைத்து, விடிந்ததும் மேலே தெளிந்ததை மட்டும் மொண்டுகொள்ளும் குடும்பத்தில் பிறந்தவள் அவள். அந்தக் கொட்டையிலுள்ள பசை மண் துகள்களை ஒன்றோடொன்று சேர்த்து அடியில் தள்ளுகிறது என்று விஞ்ஞானிகளும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். லண்டனில் ஜேம்ஸ் சிம்ப்சன் என்ற எஞ்சினியர் செல்சிக் குடிநீர்க் கம்பெனிக்காக 1829-இல் மணல் வடிகட்டி அமைத்துத் தேம்ஸ் நதியைத் தெளியவைப்பதற்கு எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பே நம் பெண்டிர் இந்த வித்தையை நடத்திக்கொண்டிருந்தார்கள்.

“ஏனுங்க, சுந்தராம்பாளம்மா இந்த ஆத்துத் தண்ணியக் குடிச்சு வளந்துதானுங்க அந்தக் கொரலு? அவிங்க ஊட்டுல எந்த மிசினுங்க மாட்டியிருந்துது?” என்றாள் அத்தை ஒருநாள். கே. பி. சுந்தராம்பாள் பிறந்த ஊரில் இதைவிடப் பலமான வாதத்தை யாரும் எழுப்ப இயலாது.

“அப்ப மேல இத்தன பட்டறை ஏது? அந்தத் தண்ணி வேற, இந்தத் தண்ணி வேற” என்றார் மாமா. இதுவும் மறுக்கக் கூடியதல்ல. ஆகவே வழக்கு அத்தைக்குப் பாதகமாகவே முடிந்தது.

எந்த வகை ஃபில்டர் என்பது அடுத்த பிரச்னை. மண்ணையும் துருவையும் பிடிக்க 5 மைக்ரான் நூல் வடிகட்டி, குளோரின் வாடையை உறிஞ்சக் கரி வடிகட்டி, கிருமிகளை ஒடுக்கப் புற ஊதா விளக்கு ஆகிய மூன்றும் இருந்தால் ஓடும் வண்டிக்குப் போதும் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். மாமாவுக்கு ஆர்.ஓ.வின் மீதே மோகம். அதில் தேசாபிமானமும் கலந்திருந்தது. கலிபோர்னியா சர்வகலாசாலையின் லாஸ் ஏஞ்சல்ஸ் கிளையில் சிட்னி லோப் என்பவரோடு சேர்ந்து, உப்பைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடும் சவ்வை 1960-ஐ ஒட்டிய வருஷங்களில் உபயோகத்துக்கு ஏற்றதாகச் செய்து காட்டியவர், இந்தியாவிலிருந்து சென்ற சீனிவாச சௌரிராஜன். 1965-இல் கோலிங்கா என்ற சிற்றூர், அவ்வகைச் சவ்வின் தயவால் உப்புநீரை நல்ல தண்ணீராக்கிக் குடித்தது. ‘நம்மவர் கண்டுபிடித்ததை நாமே வாங்காவிட்டால் யார் வாங்குவார்கள்?’ என்று மாமா கேட்டார்.

வீட்டுக் குழாயில் 500-க்குக் கீழேதானே காட்டுகிறது, அப்படிப்பட்ட இடங்களில் ஆர்.ஓ.வே கூடாதென்று பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் சொல்லியிருக்கிறதே என்று நான் நினைவூட்டினேன். “மாப்ளே, ஊடுன்னா ஒரே எடத்துல நிக்கும். இது ராம்நாட்டுக்குப் போகும், கட்ச்சுக்குப் போகும். அங்கெல்லாம் சப்பத்தண்ணிதானே?” என்று பதில் வந்தது. இராமேசுவரம் கோயிலின் 22 தீர்த்தங்களையும் ஒவ்வொன்றாக அளந்து பட்டியல் தயாரிக்கும் உத்தேசமும் அவருக்கு இருந்தது. அத்தை அதற்கு மட்டும் ஆணையிட்டுத் தடை விதித்தாள்.

பொருத்த வந்த இளைஞன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். “வீட்டுச் செவுருன்னா அரை மணி நேரத்துல மாட்டிப்போடுவேனுங்க சார். இது ஓடற வீடா இருக்குதுங்களே” என்றான். அதில் அடங்கியிருந்த தீர்க்கதரிசனம் அப்போது யாருக்கும் புலப்படவில்லை. யந்திரம் கட்டிலின் தலைமாட்டை ஆக்கிரமித்துக்கொண்டது. தலையணை கால்மாட்டுக்குக் குடிபெயர்ந்தது. மின்சார விஷயமோ தனி வேடிக்கை. வண்டியின் பாட்டரியிலிருப்பது 12 வோல்ட். அதை இன்வெர்ட்டர் 230 வோல்ட்டாக உயர்த்த, ஃபில்டருக்குள் இருந்த அடாப்டர் அதே மின்சாரத்தை மறுபடியும் 24 வோல்ட்டாகத் தாழ்த்தியது. மலையேறி இறங்கிய களைப்பினால் போலும், இரு கருவிகளும் சதா சூடாகவே இருந்தன. குழாய் இணைப்புகளுக்கு அந்த இளைஞன் சுற்றிய டெஃப்லான் டேப்பைக் கொண்டு ஒரு தேருக்கு வடம் முறுக்கியிருக்கலாம். முதல் தண்ணீர் கறுப்பாக வந்தபோது மாமா பதறிப்போனார். புதுக் கரி உருளை தன் தூளைக் கழுவித் தள்ளுவது வழக்கம்தான் என்று அவன் சமாதானம் சொல்லிவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு போனான்.

ஆர்.ஓ. யந்திரத்தின் தர்மம் ஒன்று உண்டு. ஒரு பங்கு நீரைத் தரும்போது, தடுத்த உப்பையெல்லாம் சுமத்தி ஏறக்குறைய மூன்று பங்கு நீரை வெளியே தள்ளிவிடும். வீட்டில் அது சாக்கடைக்குப் போகிறது, யாரும் கவனிப்பதில்லை. ஆனால் 120 கிலோ எடையைச் சுமந்துகொண்டு டீசல் எரித்து ஓடுகிற வண்டியில், குடிக்கக் கிடைப்பது 30 லிட்டர்தான், பாக்கி 90 லிட்டரும் ரஸ்தாவுக்கு அர்ப்பணம் என்பது புறப்பட்ட பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. தாராபுரம் வரையில் நாங்கள் சென்ற பாதை முழுவதும் மார்கழி மாதத்து வாசல்போலத் தெளிக்கப்பட்டிருந்தது. தவிர, சேமிப்புத் தொட்டியிலுள்ள மிதவை ஒவ்வொரு வேகத்தடையிலும் குதித்தது. குதிக்குந்தோறும், தண்ணீர் தீர்ந்துவிட்டதென எண்ணி மோட்டார் உறுமி எழுந்தது, நிறைந்துவிட்டதென எண்ணி அடங்கியது. தமிழ்நாட்டுச் சாலைகளில் வேகத்தடைகளுக்குப் பஞ்சம் இல்லை.

பழனி அடிவாரத்தில் வண்டியை நிறுத்தியிருந்தபோது, காவடிக் கூட்டத்தோடு வந்த மூதாட்டி ஒருத்தி குடிக்கத் தண்ணீர் கேட்டாள். மாமா பெருமிதத்துடன் ஒரு செம்பு நிரப்பிக் கொடுத்தார். எந்த ஊர்த் தண்ணீர் என்று அவள் கேட்க, அத்தை, “கொடுமுடித் தண்ணிதானுங்க ஆத்தா” என்றாள். அவ்வளவுதான், மூதாட்டி அதைக் கண்களில் ஒற்றிக்கொண்டு, பேரக்குழந்தைகளின் தலையில் தெளித்து, எஞ்சியதைத் தன் உச்சியில் ஊற்றிக்கொண்டாள். சவ்வின் துவாரம் எத்தனை நுண்ணியது என்று விளக்க மாமா வாயைத் திறப்பதற்குள், பின்னால் நின்றவர்களெல்லாம் தீர்த்தத்துக்குக் கை நீட்டிவிட்டார்கள். அந்த 30 லிட்டரில் ஒருவர் வாய்க்குள்ளும் ஒரு சொட்டு போகவில்லை. நாங்கள் பக்கத்துக் கடையில் பாட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தோம்.

ஊர் திரும்பிய பிறகு வண்டியில் நூல் வடிகட்டியும் கரி வடிகட்டியும் 12 வோல்ட்டிலேயே எரியும் புற ஊதா விளக்கும் அமைந்தன. வேலை ஒரு காலைப் பொழுதில் முடிந்தது, தலையணையும் பழைய இடத்துக்கு வந்தது. ஆர்.ஓ. யந்திரம் வீட்டுச் சமையலறைச் சுவருக்கு மாற்றப்பட்டது. அதன் நீரில் போட்ட காப்பி சப்பென்றிருப்பதாக அத்தை அபிப்பிராயப்பட்டபடியால், குடிப்பதற்கு வழக்கம்போல் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சி ஆற வைத்துக்கொள்கிறார்கள். உப்பு நீங்கிய தண்ணீரை ஊற்றினால் நீராவி இஸ்திரிப் பெட்டிக்குள் பொருக்குப் படியாதாம். ஆகவே சௌரிராஜனுடைய சவ்வைக் கடந்து வருகிற நீர் முழுவதும் இப்போது அந்தப் பெட்டிக்கே போகிறது. மாமாவின் சட்டைகள் மிக நேர்த்தியாக இருக்கின்றன.