புள்ளிக்காரரோடு குடித்தனம்

பெங்கால் பூனை வாங்குவதென்று வீட்டில் முடிவாகிவிட்டதா? நல்லது. பெயர் யோசிப்பது, கழுத்துக்குப் பட்டை வாங்குவது எல்லாம் பிறகு. முதலில் குளியலறைக் குழாயைப் போய்ப் பாருங்கள். திருகித் திறக்கிற பழைய குழாய் என்றால் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். கைப்பிடியைத் தட்டினாலே தண்ணீர் கொட்டுகிற புது மாதிரி என்றால், பூனைக்காரருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் பிளம்பருக்குக் கொடுங்கள்.

தண்ணீரைக் கண்டால் பூனை ஓடும் என்றுதான் நமக்கெல்லாம் சொல்லி வளர்த்தார்கள். சொன்ன பாட்டிகள் யாரும் இந்த இனத்தைப் பார்த்ததில்லை. பெங்கால்களில் பலவற்றுக்குத் தண்ணீர் விளையாட்டுச் சாமான். எல்லாவற்றுக்கும் அல்ல, ஆனால் உங்களுக்கு வாய்ப்பது அந்தப் பலவற்றில் ஒன்றுதான் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். வாளிக்குள் முன்னங்காலை விட்டு அளையும். குடிக்க வைத்த கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஆராயும். நீங்கள் குளிக்கப் போனால் கூடவே வரும். லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்துக் காத்திருக்கிற பேட்டைக்காரர்கள் வாளியை மூடி, மூடியின்மேல் அம்மிக்குழவியை வைத்துவிடலாம். அம்மிக்குழவி இல்லையென்றால் வேறு ஏதாவது கனமான, உடையாத, தள்ளினால் சத்தம் வராத பொருள். சத்தம் வரும் என்று தெரிந்தால் அதற்காகவே தள்ளும்.

கதவுக்கும் இதே விதி. கீழே அழுத்தித் திறக்கும் கைப்பிடியை அது எட்டிக் குதித்துத் தொங்கித் திறந்துவிடும். குமிழ்க் கைப்பிடியோ மேல்தாழ்ப்பாளோ போடுங்கள். அலமாரிக்குப் பூட்டு. பிரிட்ஜுக்குக் குழந்தைகள் உள்ள வீட்டில் மாட்டுகிற கொக்கி. கைக்குழந்தையை வளர்த்த அனுபவம் இங்கே ஓரளவு கைகொடுக்கும். ஆனால் எந்தக் குழந்தையும் ஆறு மாதத்தில் பரண் மேல் ஏறியதில்லை.

பூனை வந்ததும் பார்க்க உறவுக்காரர்கள் வருவார்கள். பெரியப்பா ஒருவர் கட்டாயம் கேட்பார்: "ஏண்டா, கல்கத்தாவுலேர்ந்தா வரவழைச்சே? தெனம் மீன் கேக்குமே!" அவருக்குச் சொல்லப் பதில் தயாராக இருக்கட்டும். காப்பி ஆறுவதற்குள் முடிக்க முடியாத பதில்.

பெங்காலின் காட்டு மூதாதையின் பெயர் சிறுத்தைப் பூனை. பெயரில்தான் சிறுத்தை, உருவம் நம் வீட்டுப் பூனை அளவு. ஆசியாவின் பெரும்பகுதியில் உண்டு, நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் உண்டு. நீந்தும், மரம் ஏறும், பெரும்பாலும் இரவில் வேட்டையாடும். அமெரிக்காவில் அரிசோனாவில் ஜீன் மில் என்ற பெண்மணி இப்படி ஒன்றை வளர்த்தார். துணைக்காக அதோடு விட்டிருந்த கறுப்பு நாட்டுக் கடுவனுக்கும் அதற்கும் 1963இல் குட்டி பிறந்தது. சிறுத்தை மாதிரி ஒரு பூனை வீட்டில் வளைய வந்தால் ஜனங்களுக்குச் சிறுத்தைத் தோல் கோட்டு போட மனம் வராது என்பது அவர் எண்ணம். அழகான எண்ணம். சோபாவின் தோலைப் பற்றி அவர் யோசிக்கவில்லை.

பிறகு பல வருட இடைவெளி. 1970களில் கலிபோர்னியாவில் வில்லர்ட் சென்டர்வால் என்ற மரபியல் ஆய்வாளர், பூனைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய் சிறுத்தைப் பூனையை அண்டுவதில்லையோ என்று பார்க்கக் கலப்புக் குட்டிகளைப் பிறப்பித்தார். ஆய்வு முடிந்தபின் சில குட்டிகள் 1980 வாக்கில் ஜீன் மில்லிடம் வந்து சேர்ந்தன. இங்கே ஒரு சிக்கல். முதல் இரண்டு மூன்று தலைமுறைகளில் ஆண் குட்டிகள் பெரும்பாலும் மலடு. பெண் குட்டிகளுக்கு வெளியிலிருந்துதான் மாப்பிள்ளை பார்க்க வேண்டும். அதுவும் புள்ளி உள்ள மாப்பிள்ளை.

1982இல் மாப்பிள்ளை கிடைத்த இடம் டில்லி உயிரியல் பூங்கா. காண்டாமிருகத்தின் அடைப்புக்குள் ஒரு பூனை திரிந்துகொண்டிருந்தது. சொந்தக்காரர் யாரும் இல்லை. ஆரஞ்சு உடம்பில் அடர் பழுப்புப் புள்ளிகள், வெயிலில் மினுமினுக்கும் ரோமம். அது விமானம் ஏறி அமெரிக்கா போய், 'மில்வுட் டோரி ஆஃப் டெல்லி' என்ற பெயரோடு ஒரு வம்சத்துக்கே பாட்டனாராகிவிட்டது. இன்று 'கிளிட்டர்' என்று சொல்லி விற்பவர் கூடுதல் விலை கேட்கிறாரே, அந்த மினுமினுப்பு டோரி கொடுத்த சீதனம் என்றுதான் பூனை வளர்ப்பவர்கள் சொல்கிறார்கள். ஆக, காண்டாமிருகத்தின் காலடியில் படுத்துக் கிடந்த ஊர்ப்பூனையின் பேரன் பேத்திகளைத்தான் லட்சக்கணக்கில் கொடுத்துத் திரும்ப வரவழைக்கிறோம். பெரியப்பாவிடம் இதைச் சொல்லும்போது விலையை மட்டும் விட்டுவிடுங்கள். வற்புறுத்தினால், 1998இல் லண்டனில் ஒருவர் ஒரே பெங்காலுக்கு 41,000 டாலருக்கு மேல் கொடுத்து கின்னஸ் புத்தகத்தில் ஏறினார், அதைப் பார்க்கும்போது நமக்கு மலிவு என்று சமாளிக்கலாம்.

இன்னொன்றும் அவரிடம் சொல்ல வேண்டாம். அமெரிக்க மரபணு ஆய்வாளர்கள் அண்மையில் ஏராளமான பெங்கால்களைச் சோதித்துப் பார்த்தார்கள். சராசரியாக ஒரு பெங்காலுக்குள் இருக்கிற காட்டுப் பங்கு 4 விழுக்காடுகூட இல்லை. அழகுக்குக் காரணமான மரபணுக்களில் பெரும்பாலானவை வீட்டுப் பூனைகளிடம் ஏற்கெனவே இருந்தவை. காட்டையே ஹாலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டதாக நினைப்பவர்களுக்கு இது கொஞ்சம் ஏமாற்றம்தான். அப்படியானால் விடியற்காலை மூன்று மணிக்கு அது ஏன் கர்ட்டன் கம்பியில் நடக்கிறது என்று கேட்பீர்கள். என் அபிப்பிராயம் இது: தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் புள்ளியைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள், கடிக்காத குணத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். இரவில் தூங்குமா என்று பார்த்து யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. நீங்களும் அதைக் கேட்கப் போவதில்லை. புகைப்படத்தைப் பார்ப்பீர்கள், புள்ளி ரோஜாப்பூ மாதிரி விரிந்திருக்கிறதா என்று பார்ப்பீர்கள், பணத்தை அனுப்புவீர்கள்.

குட்டியாக வாங்கப் போனால் அங்கேயும் ஒரு தமாஷ் உண்டு. பிறந்த சில வாரத்தில் குட்டியின் உடம்பில் நீண்ட சாம்பல் ரோமம் முளைத்துப் புள்ளியை மறைத்துவிடும். மூன்று நான்கு மாதம் ஆகும்வரை அது சிறுத்தை மாதிரி இருக்காது; பரண் மூலையிலிருந்து பெருக்கி எடுத்த ஒட்டடை போல இருக்கும். பதற வேண்டாம், உதிர்ந்து சரியாகும். ஆனால் ஊரில் கிடைத்த வரிக்குட்டியைப் பிடித்து "இப்ப ரோமம் மறைச்சிருக்கு சார், அப்புறம் பாருங்க" என்று தலையில் கட்டுகிறவர்களுக்கும் இதே பருவம்தான் சௌகரியம். வம்சாவளிப் பத்திரம் கேளுங்கள். பெற்றோரைக் காட்டச் சொல்லுங்கள். இந்த இனத்தில் விழித்திரை நோய் ஒன்று பரம்பரையாக வருகிறது, பைருவேட் கைனேஸ் குறைபாட்டால் வரும் ரத்தசோகை ஒன்றும் உண்டு. இரண்டுக்கும் மரபணுச் சோதனை இருக்கிறது. இதயத் தசை தடிப்பதற்கு ஸ்கேன்தான் வழி. இதையெல்லாம் கேட்டதும் விற்பவர் முகம் மாறினால், வந்த ஆட்டோவைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

"இது சாதாரணம் சார், ஒரிஜினல் காட்டுக்குட்டியே இருக்கு, வேணுமா?" என்று யாராவது குரலைத் தாழ்த்திக் கேட்டால் அங்கே நிற்கவே நிற்காதீர்கள். சிறுத்தைப் பூனை நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. மூன்று வருடத்துக்குக் குறையாத சிறை. வீட்டுப் பெங்காலையே விடாத ஊர்களும் உண்டு: ஹவாய்த் தீவுகளிலும் நியூயார்க் நகரத்திலும் எத்தனையாவது தலைமுறை என்றாலும் அனுமதி கிடையாது. அங்கே வேலை மாற்றலாகிப் போகும் யோகம் உள்ளவர்கள் ஜாதகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

சகுனம் பார்க்கிறவர்கள் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். சாதாரணப் பூனை எப்போதாவது குறுக்கே போகும். வீட்டுக்குள் திரும்பி வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பலாம். இது நீங்கள் செருப்பு மாட்டுவதற்குள் ஏழெட்டுத் தடவை போகும், சில சமயம் தலைக்கு மேலாகப் போகும். ஒவ்வொன்றுக்கும் திரும்பி வந்து உட்கார்ந்தால் ஆபீசில் வருகைப் பதிவேடு என்ன ஆவது?

உயரம் அதன் பிறப்புரிமை. மதில்மேல் பூனை எந்தப் பக்கம் குதிக்கும் என்று யோசிக்கிற பழமொழி இதற்குப் பொருந்தாது, இது இரண்டு பக்கமும் குதித்துவிட்டுத் திரும்ப மதில்மேல் வந்திருக்கும். பிரிட்ஜ், பீரோ, பரண், சாமி அலமாரி என்று ஒரு வட்டப் பாதை முதல் வாரமே போட்டுவிடும். குத்துவிளக்கை நிரந்தரமாகத் தரையில் இறக்கிவிடுங்கள், அதுவும் ஏற்றாமல். சுவரில் பலகை அடித்து, உயரமான பூனை மரம் ஒன்று வாங்கி ஜன்னலோரம் வைத்தால் பரணை ஓரளவு மறக்கும். பால்கனிக்குக் கொசுவலை போதாது. அது கிழித்துவிடும், ஏழாவது மாடியிலிருந்து புறாவைப் பிடிக்கத் தாவும். இரும்புக் கம்பி வலை போடுங்கள். வலையின் நிறம் பற்றி அசோசியேஷன் செயலாளர் கடிதம் எழுதுவார். எழுதட்டும்.

சாப்பாடு. சைவ வீட்டுக்காரர்கள் உட்கார்ந்து படிக்க வேண்டிய இடம் இது. உருத்திராட்சப் பூனை கதையில்தான் உண்டு. டாரின் என்ற சத்தைப் பூனையின் உடம்பு போதுமான அளவு தயாரிக்காது, இறைச்சியிலிருந்துதான் அது கிடைக்க வேண்டும். தயிர்சாதம் மட்டுமே போட்டு வளர்த்தால் கண் போகும், இதயம் கெடும். ஆகவே ஒன்று, தரமான பூனைத் தீனி வாங்குங்கள். அல்லது கறிக்கடை வாசலில் மாமி ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிற காட்சிக்குத் தெருவைத் தயார்ப்படுத்துங்கள். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பசும்பால் வயிற்றைக் கலக்கும். வெங்காயமும் பூண்டும் விஷம், சாம்பார் வேண்டாம். காய்ச்சலாக இருக்கிறதே என்று பாரசிட்டமால் கால் மாத்திரை பொடித்துக் கொடுக்கிற கைவைத்தியர் வீட்டில் இருந்தால், மாத்திரை டப்பாவை ஒளித்து வையுங்கள். அது பூனையைக் கொல்லும். பூங்கொத்தில் வருகிற லில்லியும் அப்படியே.

குரலுக்கு வருவோம். மியாவ் என்பது இதன் அகராதியில் ஒரு சொல் மட்டுமே. பறவை மாதிரி கீச்சிடும், உறுமும், பசித்தால் ஒன்று, அலுப்பாக இருந்தால் ஒன்று, கதவு மூடியிருந்தால் மாடி முழுக்கக் கேட்கிற நீண்ட அழுகை ஒன்று. கீழ்வீட்டு மாமா முதல் மாதம் "குழந்தை பொறந்திருக்கா?" என்று விசாரிப்பார். இரண்டாம் மாதம் விசாரிக்க மாட்டார். கத்துகிறதே என்று ஓடிப்போய்த் தீனி வைத்தால், கத்தினால் தீனி வரும் என்ற பாடத்தை நீங்களே கற்றுக்கொடுத்ததாக ஆகும். பாடம் இதற்கு ஒரே தடவையில் ஏறும், அதுதான் கஷ்டம்.

அந்த அறிவை நல்ல வழியில் செலவு செய்ய இடம் உண்டு. காலையும் மாலையும் நன்றாக மூச்சு வாங்கும்படி விளையாட்டு காட்டுங்கள். எறிந்ததை எடுத்து வரக் கற்றுக்கொள்ளும், உட்காரச் சொன்னால் உட்காரும், உடம்புப் பட்டை மாட்டி வாரைப் பிடித்துக்கொண்டால் மொட்டைமாடியில் நடைபழகவும் வரும். உள்ளே ஓடுவதற்கென்று பெரிய சக்கரம் விற்கிறார்கள். ஹாலில் பாதியை அடைக்கும், வாடகை உயராது. தீனியைக் கிண்ணத்தில் வைக்காமல் புதிர்ப் பெட்டிக்குள் வைத்தால் அரை மணி நேரம் உங்கள் லேப்டாப் தப்பிக்கும். கணவனும் மனைவியும் காலை ஒன்பது மணிக்குப் பூட்டிக்கொண்டு கிளம்பி ராத்திரி எட்டு மணிக்குத் திரும்புகிற வீடு என்றால், பெங்காலை வாங்காமல் அதன் படத்தை மாட்டிக்கொள்ளுங்கள் என்பேன். வீடு திரும்பும்போது மெத்தைக்குள் என்ன பஞ்சு வைத்துத் தைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆர்வம் உள்ளவர்களுக்கு ஆட்சேபணை இல்லை.

கறுப்புச் சட்டைமேல் ரோமம் ஒட்டாது, அலர்ஜியே வராது என்றெல்லாம் விற்கிறவர் சொல்வதில் முதல் பாதியில் கொஞ்சம் உண்மை உண்டு; குட்டை ரோமம், குறைவாகத்தான் உதிரும். ஆனால் அலர்ஜிக்குக் காரணமான புரதம் பூனையின் எச்சிலில் இருக்கிறது. தும்முகிறவர் தும்மத்தான் செய்வார்.

இத்தனையும் செய்தபிறகும் அது சுவரைப் பிறாண்டிக்கொண்டிருந்தால் கால்நடை மருத்துவர் ஒரு யோசனை சொல்லக்கூடும்: துணைக்கு இன்னொரு பூனை. உடனே இன்னொரு பெங்காலுக்குக் கடன் கேட்டு வங்கிக்குப் போகாதீர்கள். துறுதுறுப்பான இளம் பூனை எதுவானாலும் போதும். உங்கள் தெருமுனை மீன்கடைக்குப் பின்னால் ஒன்று நிச்சயம் இருக்கும். கொஞ்சம் ஆரஞ்சாக, வயிற்றில் நாலு புள்ளியோடு இருந்தால் டில்லிப் பாட்டனார் வழியில் சொந்தமாகக்கூட இருக்கலாம், யார் கண்டது. பத்திரம், முன்பணம் எதுவும் வேண்டாம். வெறிநாய்க்கடி ஊசியும் மற்றத் தடுப்பூசிகளும் போட்டு, பூச்சி மருந்து கொடுத்து, இரண்டு வாரம் தனி அறையில் வைத்திருந்து பழக்குங்கள். அந்த அறைக்குக் குமிழ்க் கைப்பிடிதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.