டேலி ஆகாத ஆமை

சாந்தோமில் இப்போதெல்லாம் தெருவுக்கு ஒருவராவது இப்படி இருக்கிறார். வயது ஐம்பத்திரண்டு, வங்கியில் விருப்ப ஓய்வு, கழுத்தில் பைனாகுலர். லூப் ரோட்டுக்கு வஞ்சிரம் வாங்கப் போனாலும் அதைக் கழற்ற மாட்டார். "மீன் எதிர்லதானே கீது சார், அத்த வச்சு இன்னா பாக்குற?" என்று மீன்காரம்மாவும் கேட்டுப் பார்த்துவிட்டார்.

வீட்டுக் கடன் அடைந்தது, மகள் வேலைக்குப் போய்விட்டாள். இனி காட்டுயிர் பாதுகாப்புதான் என்று இறங்கினார். மன்னம்பந்தல் கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் எம்.எஸ்ஸி. உண்டு. அதற்கு பி.எஸ்ஸி. வேண்டும், இவரிடம் இருந்ததோ பி.காம். அலைந்து திரிந்து ஒரு டிப்ளமோவைப் பிடித்தார். முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். மறுநாளிலிருந்து அங்கிள்.

வீட்டில் யாராவது சிரித்தால் சதீஷ் பாஸ்கரைத் துணைக்கு அழைப்பார். சென்னை ஐ.ஐ.டி. படிப்பை விட்டுவிட்டுக் கடலாமைகளின் பின்னால் போனவர் அவர். 1982 மழைக்காலத்தை லட்சத்தீவின் ஆளில்லாத சுஹேலித் தீவொன்றில் தன்னந்தனியாகக் கழித்தார். பாட்டிலில் போட்டுக் கடலில் விட்ட கடிதம் இலங்கையில் கரையேறி, அவர் மனைவி கைக்கே போய்ச் சேர்ந்தது. இவர் மனைவி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பாட்டில்லாம் வேணாங்க. மார்க்கெட்ல இருக்கும்போது போனை எடுங்க, போதும்."

காடு, புலி, ஜீப் என்று இவர் கண்ட கனவுக்குப் பாடத்திட்டம் கொடுத்தது எக்செல். ஆமைத் தடம் கண்ட இடம், நேரம், ஆழம், முட்டை எண்ணிக்கை, பொரித்த தேதி. மணல் சூடானால் பெண் குஞ்சு, ஆறினால் ஆண் என்பதால் வெப்பநிலைக்கும் ஒரு கட்டம். எந்தக் கட்டத்திடமிருந்து தப்பி ஓடினாரோ, அதற்குள்ளேயே வந்து விழுந்தார். விழுந்ததில் முகம் மலர்ந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

மாசி மாத இரவுகளில் ஆமை நடைக்குப் போகிறார். சென்னைக் கரையில் 1988 முதல் மாணவர்கள் இப்படி நடந்து, முட்டைகளைக் காப்பகக் குழிக்கு மாற்றி வருகிறார்கள். ஓர் இரவு கூட வந்த பையன் எண்ணிய முட்டை 112. இவர் எண்ணியது 111. மறுபடி எண்ணினார்: 113.

"சீக்கிரம் குழியில வைக்கணும் அங்கிள்!"

"டேலி ஆகாம நான் இதுவரைக்கும் வீட்டுக்குப் போனதில்லப்பா."

கடைசியில் 112 என்று ஒப்புக்கொண்டு, தேதி போட்டுக் கையெழுத்திட்டு, பையனிடமும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டார். பையன் பக்கத்துப் பெண்ணிடம் மெல்லக் கேட்டான்: "அங்கிள் வேலையை விட்டாரா, டிரான்ஸ்ஃபர் வாங்கிட்டு வந்தாரா?"