எருக்குழி இருந்த வீடு

தஞ்சாவூர்ப் பக்கம் அப்போதெல்லாம் பெண் கொடுக்க வருகிறவர்கள், பேச்சுக்கு நடுவே கொல்லைப்புறம் ஒரு நடை போய் வருவார்கள். வைக்கோல் போரையும் எருக்குழியையும் ஒரு பார்வை பார்க்கத்தான். குழி நிறைந்திருந்தால் மாடு உண்டு, மாடு இருந்தால் நிலம் உண்டு. மாப்பிள்ளையின் படிப்பை யாரும் கேட்டதாக ஞாபகமில்லை.

சாணி, மாடு மிதித்த வைக்கோல், அடுப்புச் சாம்பல், வாசல் கூட்டிய சருகு எல்லாமே குழிக்குத்தான். கோடையில் வண்டி கட்டி வயலுக்கு அடிப்பார்கள். வயலிலிருந்து வீட்டுக்கு வந்ததில் முக்கால்வாசி இப்படி வயலுக்கே திரும்பிவிடும். தரிசில் இராமநாதபுரத்துக் கீதாரிகள் ஆட்டு மந்தையோடு வந்து கிடை போடுவார்கள். பகலெல்லாம் ஊர் மேய்ந்த ஆடுகள், ராத்திரி எங்கள் வயலில் புழுக்கையும் மூத்திரமுமாகக் கணக்குத் தீர்க்கும். ‘ஆட்டு எரு அவ்வருஷம், மாட்டு எரு மறுவருஷம்’ என்பார் தாத்தா. ஆட்டு எருவின் தழைச்சத்து சீக்கிரம் பயிருக்குக் கிடைக்கும். சாணியை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் சாவகாசமாகத்தான் சிதைக்கும். தாத்தாவுக்கு நுண்ணுயிர் தெரியாது, களத்து மேட்டில் நெல் எவ்வளவு என்று தெரியும். காற்றிலுள்ள நைட்ரஜனை வேர்முடிச்சில் பிடித்து வைக்கும் கொழிஞ்சியை மடக்கி உழுததும் அப்படித்தான்.

பொற்காலம் என்று யாரும் ஏங்க வேண்டாம். நெல் போதவில்லை. பழைய ரகங்களுக்கு உரம் கூடினால் நெட்டையாக வளர்ந்து சாய்ந்துவிடும். 1966-இல் ஐ.ஆர்.8 என்ற புது ரகம் வெளிவந்தது, குட்டை, தின்றதை நெல்லாக்கியது. பின்னாலேயே உர மூட்டைகளும் வந்தன.

யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். வயலில் வீசினால் பாதிகூடப் பயிருக்குப் போய்ச் சேராது. கொஞ்சம் அம்மோனியாவாகக் காற்றில் போகும், கொஞ்சம் வடிகாலில் இறங்கும். வாய்க்காலில் ஆகாயத்தாமரை என்ன செழிப்பு! அதற்கும் சேர்த்துத்தான் நாம் காசு கொடுக்கிறோம். அளவு மீறிப் போட்டால் பயிர் கரும்பச்சையாக நிற்கும், பார்க்க அழகு. புகையான் பூச்சிக்கும் அந்த அழகு பிடிக்கும். உரம் விற்ற கடையிலேயே பூச்சிமருந்தும் கிடைப்பது ஒரு வசதி.

இப்போது அறுவடைக்கு இயந்திரம். வைக்கோலை உருளையாகச் சுருட்டி லாரி ஏற்றிவிடுகிறார்கள். நெற்பயிர் மண்ணிலிருந்து எடுத்த சாம்பல்சத்தில், அதாவது பொட்டாஷில், பெரும்பகுதி வைக்கோலில்தான் இருக்கிறது. அதை விற்றுவிட்டு, கப்பலில் வந்த பொட்டாஷை மூட்டையாக வாங்குகிறோம். இதற்கு நவீன விவசாயம் என்று பெயர்.

மண்வள அட்டை வந்தது. கரிமச்சத்து ‘குறைவு’. ஹெக்டேருக்கு 12.5 டன் தொழு உரம் இட வேண்டும் என்பது பரிந்துரை. தம்பி அதைச் சத்தமாகப் படித்துவிட்டுக் கொட்டிலைப் பார்த்தான். அங்கே இரண்டு மோட்டார் சைக்கிள் நின்றன. குழியைத் தூர்த்து அதன்மேல் கார் ஷெட் கட்டியாகிவிட்டது. சென்னையில் என் மகன் மொட்டைமாடி ரோஜாவுக்கு மண்புழு உரத்தைச் செல்போனில் வரவழைக்கிறான். பொட்டலத்தில் ‘நாற்றமற்றது’ என்று அச்சடித்திருக்கிறது.

கடைசியில் தம்பி ஒரு கீதாரியின் நம்பரைத் தேடிப்பிடித்துக் கிடைக்குக் கேட்டான்.

“இப்ப சொன்னா எப்படிண்ணே? அறுப்புக்கு முன்னாடியே சொல்லி வச்சுட்டாங்க. இந்த வருஷம் ஆடு காலி இல்ல.”