படி இறங்கிய படலம்

1993இல் இந்த வீட்டைக் கட்டியபோது தெருவிலிருந்து நான்கு படி ஏறி உள்ளே வரவேண்டும். "மேடாக்கித்தான் கட்டியிருக்கீங்க மாப்பிள்ளை" என்று மாமனார் மெச்சினார். அதன்பிறகு தேர்தலுக்கு முன்னால் ஒரு தார், பின்னால் ஒரு தார் என்று தெரு வளர்ந்துகொண்டே வந்தது. இப்போது இரண்டு படி இறங்கினால்தான் என் வீடு. அந்த வீட்டுக்குள் என் மதிப்பும் ஏறக்குறைய இதே கணக்கில்தான் இறங்கியிருக்கிறது.

போன ஐப்பசி மழையில் என் இடதுகால் செருப்பு மிதந்து பூஜையறை வரை போனபோது குடியிருப்போர் நலச்சங்கம் விழித்துக்கொண்டது. பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதுத் தார் போட வேண்டும் என்று அரசு விதி கொண்டுவர வேண்டும். அதற்கு ஓர் இயக்கம். இயக்கத்துக்குச் செயலாளர் நான். அந்தக் கூட்டத்துக்கு நான் போகவில்லை. வராதவர் தலையில் பதவியைக் கட்டுவது எங்கள் சங்க மரபு.

பதவி வந்ததும் இருநூறு பக்க நோட்டும் நான்கு நிற ஸ்கெட்ச் பேனாவும் வாங்கினேன். முடிவெடுப்பவர் யார், அவர் காதில் போடக்கூடியவர் யார், எதிர்ப்பவர் யார் என்று மூன்று கட்டம். எதிர்ப்பவர் கட்டத்தில் "யாருமில்லை" என்று பச்சையில் எழுதினேன். மறுநாளே ஏழாம் நம்பர் வீட்டுக்காரர் வந்துவிட்டார். புதிதாகக் கட்டிய வீடு, இன்றைய ரோடு மட்டத்துக்குச் சரியாக வாசல். "சுரண்டினா என் கேட் அந்தரத்துல நிக்கும் சார்." எங்கள் சங்கத்தின் பொருளாளர் அவர்.

அடுத்த கூட்டத்தில் உணர்ச்சிவசப்பட்டேன். 1996இல் ராஜஸ்தானின் பியாவர் ஊரில் எளிய மக்கள் 40 நாள் தர்ணா உட்கார்ந்ததையும், அப்படிப்பட்ட போராட்டங்களின் தொடர்ச்சியாக 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்ததையும் எடுத்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் மௌனம். "நாற்பது நாளா? எனக்குப் புதன்கிழமை பிசியோதெரபி இருக்கே" என்றார் தலைவர். உண்ணாவிரதம் என்ற யோசனை போண்டா வந்ததும் தானாகக் கைவிடப்பட்டது.

ஆகவே மனு. நான்கு பக்கம். முதல் இரண்டு பக்கம் எங்கள் தெருவின் வரலாறு. கோரிக்கை மூன்றாம் பக்கத்தின் அடியில், பக்க எண்ணுக்கு மேலே. நகல் பதினொரு பேருக்கு. பதினொரு பேரில் ஒவ்வொருவரும் மற்ற பத்துப் பேர் பார்த்துக்கொள்வார்கள் என்று நிம்மதியாக இருந்திருப்பார்கள். இப்படியே மூன்று மாதம் போயிற்று.

கடைசியில் ஒரு திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள். துணைக்கு மனைவி வந்தாள். எங்கள் முறை வந்ததும் மேஜைக்காரர், "என்ன வேணும், சுருக்கமா சொல்லுங்க" என்றார். நான் 1993லிருந்து தொடங்கினேன். 2004 வருவதற்குள் மனைவி குறுக்கிட்டாள்: "இப்ப இருக்கற உயரத்துக்கு மேல ரோடு ஏறக்கூடாதுங்க. அவ்வளவுதான்." அவர் அதை மட்டும் மனுவின் தலையில் எழுதிக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, "இதுக்குத்தான் ஏற்கெனவே உத்தரவு இருக்கே சார்" என்றார்.

இருந்தது. 2021 மே மாதமே அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, மேல்தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே அளவுக்குத்தான் புதுத்தளம் போட வேண்டும் என்று அதிகாரிகளுக்கு எழுதிவிட்டார். செய்தித்தாளிலும் வந்தது. அன்று நான் ராசிபலன் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். இருக்கிற உத்தரவுக்காக மூன்று மாதம் இயக்கம் நடத்தியிருக்கிறேன், அதுவும் நான்கு வண்ணத்தில்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி திட்டத்தை மாற்றினாள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ வில்லை ஒட்டி ஓர் ஆர்டிஐ மனு. ஒரே கேள்வி: எங்கள் தெருவுக்கான மதிப்பீட்டில் சுரண்டும் செலவு சேர்ந்திருக்கிறதா? முப்பது நாள் கெடு. இருபத்தொன்பதாம் நாள் பதில் வந்தது. சேர்ந்திருக்கிறது. "அதே உயரம்தான், உங்க கேட் எங்கயும் தொங்காது" என்று ஏழாம் நம்பரையும் அவளே சமாதானம் செய்தாள். இந்த வாக்கியம் எனக்கு ஏன் தோன்றவில்லை என்று அவரும் கேட்டார்.

ஜல்லி லாரி வந்த அன்று காலை, சுரண்டும் இயந்திரத்தைக் காணோம். அவள் கையில் பதிலின் நகலும் தையல் டேப்பும். சூப்பர்வைசர் படித்தார், தள்ளிப்போய் யாருக்கோ போன் பேசினார். மறுநாள் இயந்திரம் வந்தது. நான் போராட்டத்தில் பங்கேற்று எல்லோருக்கும் டீ வாங்கி வந்தேன்.

அடுத்த சங்கக் கூட்டத்துக்கு அவள் போகவில்லை. அதனால் இப்போது செயலாளர் அவள்தான். மினிட்ஸ் புத்தகத்தோடு கூட்டத்துக்குக் கிளம்பினால் தெருவுக்கு வர இரண்டு படி ஏற வேண்டியிருக்கிறது. மூன்றாகவில்லை.