மாடியில் ஒரு புதுவாழ்வு

மாடித்தோட்டம், வீட்டுக்கல்வி, சிறுதானியச் சமையல். இந்த மூன்றும் இருந்தால் மனுஷன் புதுசாகிவிடுவானாம். வடசென்னை எண்ணூர்க்காரர்களுக்கு இதில் கூடுதல் சலுகைகள் உண்டு.

தோட்டக்கலைத் துறை மானிய விலையில் பை, தென்னை நார்க்கழிவு, விதை எல்லாம் தருகிறது. மேலே தூவ நாம் எதையும் தேட வேண்டாம். அனல்மின் நிலையச் சாம்பல் தானாகவே வந்து அரைக்கீரைமேல் உட்கார்ந்துகொள்கிறது. ராயபுரத்தாருக்கும் ஒருகாலத்தில் இப்படியொரு யோகம் இருந்தது: சென்னைத் துறைமுகத்து நிலக்கரித் தூசு. 2011இல் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. நிலக்கரி வடக்கே எண்ணூர்த் துறைமுகத்துக்குக் குடிவந்தது. வந்தாரை வாழவைக்கும் ஊராயிற்றே!

வீட்டுக்கல்விக்குப் பாடப்புத்தகமே தேவையில்லை. 2023 டிசம்பர் 26, நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது பிள்ளைகள் வேதியியலை மூக்கால் படித்தார்கள். அப்புறம் ஓடினார்களே, அதை உடற்கல்வியில் சேர்த்துக்கொள்ளலாம். அதே மாதம் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது. எண்ணெய் தண்ணீரில் மிதக்கும் என்று காட்ட இத்தனை பெரிய ஆய்வுக்கூடம் எந்த இன்டர்நேஷனல் ஸ்கூலில் இருக்கிறது? பத்தாம் வகுப்புத் தேர்வை மட்டும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக எழுதிக்கொண்டால் போதும்.

மிச்சமிருப்பது சமையல். கம்பங்கூழும் மீன்குழம்பும் இங்கே யாருக்கும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. எண்ணெயைக் குறைக்கச் சொன்ன டாக்டரிடம் குப்பத்து ஆயா ஒருத்தி கேட்டாள்:

“நா எங்க சார் ஊத்துனேன்? ஆத்துலயே ஊத்தி அனுப்பிச்சிட்டாங்களே!”