பொருள்: ஸ்டூல் வழங்கியமைக்கு நன்றி தெரிவித்தல்

பெறுநர்: ஜவுளிக்கடை நிர்வாகம்.
அனுப்புநர்: நான்காம் மாடி, காட்டன் சேலைப் பிரிவு.

மதிப்பிற்குரிய முதலாளி அவர்களுக்கு,

எங்கள் மாடிக்கு நீங்கள் வாங்கிப் போட்ட பிளாஸ்டிக் ஸ்டூல் சௌக்கியமாக இருக்கிறது. பதினோரு பேருக்கு ஒன்று என்றாலும் ஒரு கீறல் இல்லை. இப்போது அதில் தள்ளுபடிச் சேலைக் கட்டு உட்கார்ந்திருக்கிறது. லேபர் ஆபீசர் வருகிற அன்று மட்டும் அது எழுந்து எங்களுக்கு இடம் விடும்.

நம் மாநிலத்தின் 1947-ஆம் வருடத்துக் கடைகள் சட்டத்தில் 2021-ல் 22-அ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்ந்துகொள்ள எல்லா ஊழியருக்கும் இருக்கை வேண்டுமாம். கேரளாவில் 2018-லேயே கொண்டுவந்துவிட்டார்கள். அவர்கள் எதிலும் அவசரக்காரர்கள். ஆனால் உங்களைப்போல அந்தச் சட்டத்தை ஊன்றிப் படித்தவர் யாரும் இல்லை. ‘வாய்ப்புக் கிடைக்கும்போது’ என்றுதானே இருக்கிறது? அது கிடைக்காமல் பார்த்துக்கொண்டீர்கள். ஈ ஆடாத மத்தியானம் மூன்று மணிக்கு, அடுக்கிய சேலைகளை உதறி மறுபடி மடிக்கச் சொல்கிறார் ஃப்ளோர் மேனேஜர். மேல்தட்டுக்கு எம்பி, கீழ்த்தட்டுக்குக் குனிந்து, இடுப்புக்கு நல்ல பயிற்சியாம். சுழல் நாற்காலியில் சாய்ந்துகொண்டுதான் சொன்னார்.

ராத்திரி ஹாஸ்டலுக்கு வந்து பாருங்கள். சுவரில் காலைத் தூக்கிச் சாத்திக்கொண்டு வரிசையாகப் படுத்திருப்போம். வீங்கிய விரலில் மெட்டி புதைந்து, ஓர் அக்கா அதைச் சோப்புப் போட்டுத்தான் கழற்றினார். இன்னொருத்திக்குக் கெண்டைக்காலில் நரம்பு மண்புழு மாதிரி சுருண்டு கிடக்கிறது. நடந்தால் சதை அழுத்தி ரத்தத்தை மேலே தள்ளுமாம், ஒரே இடத்தில் நின்றால் கீழேயே தேங்கிவிடுமாம், அவ்வப்போது உட்காரு என்றார் டாக்டர். பாவம், அவருக்குக் கடை நடத்தத் தெரியாது.

கல்லாவுக்கு மேல் உங்கள் தாத்தா படம் மாட்டியிருக்கிறது. வெள்ளை விரிப்பில் அவரும் கடைப் பையன்களும் சம்மணம் போட்டு உட்கார்ந்து பட்டுச்சேலை விரிக்கிறார்கள். அப்படியும் வியாபாரம் நடந்திருக்கிறது போல.

கடைசியாக ஒரு விண்ணப்பம். வாசலில் முகூர்த்தப் பட்டு கட்டி நிற்கிற பொம்மைக்கு, நாள் முழுக்க நின்றால் விழுந்துவிடும் என்று, முதுகுக்குப் பின்னால் இரும்புக் கம்பி முட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். எங்களுக்கும் ஆளுக்கொரு கம்பி போட்டுக் கொடுத்தால் ஸ்டூலைத் திருப்பித் தந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
நின்றபடி எழுதும்
காட்டன் பிரிவு