அண்டர் செக்ரட்டரி மாமா

டெல்லியில் ஆர்.கே. புரத்திலோ மயூர் விஹாரிலோ துவாரகாவிலோ தமிழர்கள் நாலு பேர் கூடி, "ஏழைப் பிள்ளைகள் படிப்புக்கு ஒரு கச்சேரி வைத்துப் பணம் திரட்டலாமே" என்று வாயெடுத்தால் போதும். மூலையிலிருந்து ஒரு குரல் வரும்: "பணம் எந்த அக்கவுண்ட்ல வரும்?" அவர்தான் அண்டர் செக்ரட்டரி மாமா.

ஏதோ ஒரு பவனில் முப்பத்தைந்து வருஷம் கோப்பு பார்த்தவர். ஓய்வுபெற்றது அவர் மட்டும்தான், கோப்பு இன்னும் சர்வீஸில் இருக்கிறது. தலைவர் பதவி வேண்டாம் என்பார், செயலாளர் பதவி வேண்டவே வேண்டாம் என்பார். "ரொம்ப வற்புறுத்தறேள், பொருளாளரா இருந்துட்டுப் போறேன்" என்று அலுத்துக்கொள்ளும்போதே கைப்பையில் ரப்பர் ஸ்டாம்ப் தெரியும். சட்டைப்பையில் பச்சை மைப் பேனா. அலுவலகத்தில் பச்சை மை ஜாயின்ட் செக்ரட்டரிக்கும் அதற்கு மேலே இருப்பவர்களுக்கும்தான். சங்கத்தில் அந்தத் தடை கிடையாது.

தர்ம காரியம் என்றால் மற்றவர்களுக்கு மனம் இளகும். மாமாவுக்குப் புருவம் உயரும். ஒரு பெரியவர் 5,001 ரூபாயைக் கவரில் போட்டு நீட்டினார். "ரொக்கமா? 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமாக் கொடுத்தா வருமான வரிக் கழிவு கிடைக்காது ஸார். செக் கொடுங்கோ."

"மூணு பேர் பேர்ல பிரிச்சு எழுதிடுங்களேன்."

"அந்த மூணு பேரும் அவா சொந்தப் பணத்தையா கொடுக்கறா? பான் நம்பர் சொல்லுங்கோ."

பெரியவர் செக் புத்தகம் எடுக்க வீட்டுக்குப் போனார். "வருஷம் முடிஞ்சு மே 31-க்குள்ள கொடுத்தவா பட்டியலை இன்கம் டாக்ஸுக்கு ஏத்தணும். தாமதமானா நாளைக்கு 200 ரூபாய் தண்டம். அதைப் பசங்க ஃபீஸ்லேர்ந்தா எடுக்கறது?" என்று மாமா அவர் முதுகிடம் விளக்கிக்கொண்டிருந்தார்.

அடுத்து, செயலாளரின் நியூ ஜெர்சி மருமான். ஐந்நூறு டாலர் அனுப்புகிறானாம். கமிட்டியே கைதட்டியது. மாமா கைதட்டவில்லை.

"பையன் பாஸ்போர்ட் என்ன கலர்?"

"நீலம்."

"அமெரிக்காவுக்கும் நீலம்தான். அட்டைல இருக்கறது சிங்கமா, கழுகா?"

சிங்கம் என்றால் அவன் இந்தியக் குடிமகன், சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் தடையில்லை. கழுகு என்றால் அது வெளிநாட்டு நிதி. 2010-ஆம் ஆண்டின் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டப்படி அனுமதி வேண்டும், 2020-இல் திருத்தியபடி பணம் முதலில் நாடாளுமன்றச் சாலையில் இருக்கும் ஸ்டேட் பாங்க் மெயின் கிளையில் திறந்த கணக்குக்குத்தான் வர வேண்டும். "பாங்க் இங்கேர்ந்து பஸ் தூரம்தான். அனுமதிதான் தூரம்" என்று மாமா முடித்தார். விசாரித்ததில் கழுகு. மருமானின் அம்மா, சிங்கம், தன் பென்ஷனிலிருந்து இரண்டாயிரம் கொடுத்தார்.

மகளிர் அணி மாமி லக்கி டிராவுக்கு ஏற்பாடு செய்திருந்தார். கூப்பன் நூறு ரூபாய், பரிசு ஐந்து லிட்டர் குக்கர்.

"காசு வாங்கிண்டு, குலுக்கிப் போட்டுப் பரிசு கொடுத்தா அது லாட்டரி மாமி. சர்க்கார் அனுமதி இல்லாம நடத்தறது குத்தம். 1870-லயே வெள்ளைக்காரன் 294ஏ-ன்னு எழுதி வெச்சுட்டான். இப்போ நியாய சன்ஹிதால 297."

"குக்கருக்கா?"

"சட்டம் குக்கரைப் பார்க்காது, கூப்பனைத்தான் பார்க்கும். ஏலம் விடுங்கோ, யாரும் கேக்க மாட்டா."

ஏலம் விட்டார்கள். மேடையில் போட்டி சூடேறி, கடை விலையைப் போல இரண்டு மடங்குக்குப் போயிற்று. எடுத்தவர், குக்கரை நன்கொடையாகக் கொடுத்த மாமியின் கணவர்.

மெல்லிசை திறந்தவெளியில் என்றால் மாமா மேடையைப் பார்க்க மாட்டார், கடிகாரத்தைத்தான் பார்ப்பார். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிப்படி இரவு பத்துக்கு ஒலிபெருக்கி அடங்க வேண்டும். பாடகர் கடைசிச் சரணத்துக்கு மூச்சிழுக்கும்போது மாமா ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நிற்பார். இந்தத் தொல்லைக்குப் பயந்துதான் இந்த முறை மூடிய அரங்கம் எடுத்தார்கள்.

அரங்கத்திலும் ஒரு தகராறு. டிக்கெட் எல்லாம் விற்றுத் தீர்ந்த பிறகு சிறப்பு விருந்தினர் பன்னிரண்டு பேரோடு வந்து இறங்கினார். இளைஞர் அணி பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு நடைபாதையில் போட ஓடியது. மாமா சத்தம் போடவில்லை, பிரிவு எண் சொல்லவில்லை. முதல் நாற்காலியை எடுத்து வெளியே வைத்தார். இரண்டாவதையும் வைத்தார். "கொஞ்ச நேரம்தானே மாமா?" என்றான் ஒரு பையன். "உபஹார்" என்றார் மாமா.

பையனுக்குப் புரியவில்லை, அவன் பிறப்பதற்கு முந்தைய சமாச்சாரம். 1997 ஜூன் 13, கிரீன் பார்க் உபஹார் தியேட்டரில் 'பார்டர்' படம் ஓடிக்கொண்டிருந்தது. கீழே மின்மாற்றியில் பிடித்த தீயின் புகை பால்கனிக்கு ஏறியது. அதிகப்படியாகப் போட்டிருந்த இருக்கைகள் வெளியேறும் வழியைக் குறுக்கியிருந்தன. 59 பேர் இறந்தார்கள். டெல்லியில் அந்த வருஷம் பேப்பர் படித்தவர்களுக்கு நடைபாதையில் கிடக்கும் நாற்காலி வெறும் நாற்காலியாகத் தெரியாது. பன்னிரண்டு பேரில் பாதிப்பேர் கச்சேரியை வராந்தா ஸ்பீக்கரில்தான் கேட்டார்கள். மாமாவும் அவர்களோடு நின்றே கேட்டார், தன் சீட்டை விருந்தினரின் டிரைவருக்குக் கொடுத்துவிட்டு.

எல்லாம் முடிந்து கணக்கு எழுதும் நேரத்தில் மாமா தன் பங்குக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு ஒரு செக் எடுத்தார். ரசீது புத்தகம் அவர் கையில்தான் இருந்தது. எழுதவில்லை. "கொடுக்கறவனும் வாங்கறவனும் ஒரே ஆளா இருந்தா ஆடிட்ல கேள்வி வரும்" என்று, மெட்ரோவுக்கு ஓடிக்கொண்டிருந்த துணைச் செயலாளர் பையனை நிறுத்தினார். பையன் நின்றபடியே ரசீது எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

"தேதி?"

போட்டான். மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தார்.

"பத்தாயிரத்தை எழுத்தால எழுதலையே?"